டயானாவின் நம்பர்

புது லேப்டாப்பைப் பிரித்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் அது எங்கள் வீட்டுக்குள் டயானாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் இருதயராஜ் திண்டிவனத்தில் ஃப்ளெக்ஸ் பேனருக்கும் நோட்டீசுக்கும் டிசைன் போட்டுக் கொடுக்கிறவர். வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். ஐப்பசி மழையில் விழுந்த ஓர் இடியில் பழைய கம்ப்யூட்டர் கருகிப்போய், உள்ளே இருந்த டிஸ்க்கும் சேர்ந்து செத்தது. வேறு வழியில்லாமல் புதிதாக ஒன்று வாங்கினோம். பெட்டியை மாதா படத்துக்கு முன்னால் வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிவிட்டுத்தான் பிரித்தோம். அவ்வளவு பயபக்தியோடு ஆரம்பித்த காரியம்.

அது முதலில் என்ன மொழி என்று கேட்டது, எந்த நாடு என்று கேட்டது, நெட் கேட்டது. என் போனிலிருந்து நெட் கொடுத்தேன். அப்புறம் மெயில் ஐடி கேட்டது. அவர் அடித்தார். நான் டீயை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். ஐடி ‘ராஜு’ என்று ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் அவரை யாரும் ராஜு என்று கூப்பிடுவதில்லை. சரி, இருதயராஜ் என்பதைச் சுருக்கியிருப்பார் என்று விட்டுவிட்டேன். அடுத்ததாக, இன்ன இரண்டு எண்களில் முடியும் போனுக்கு ஆறு இலக்க ரகசியக் கோடு ஒன்று அனுப்பியிருக்கிறோம், அதைப் போடுங்கள் என்று வந்தது. அந்த இரண்டு எண்கள் அவர் நம்பரும் இல்லை, என் நம்பரும் இல்லை.

யார் நம்பர் என்று கேட்டேன். திரும்பிப் பார்க்காமலேயே, “டயானாது” என்றார். உப்பு எங்கே என்று கேட்டால் அலமாரியில் என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

டயானாவை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன், எங்கள் கல்யாணத்தில். கிளிப்பச்சைப் பட்டுப்புடவையில், தோள்வரைக்கும் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு மேடைக்கு வந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ‘ராஜு’ என்று கூப்பிட்டு, ஒரு சுவர்க் கடிகாரத்தை அவர் கையில் கொடுத்தவள். கொடுத்ததை என் கையில் கொடுக்கவில்லை. அந்தக் கடிகாரத்தை நான் சமையலறையில் அடுப்புக்கு நேர் மேலே மாட்டி வைத்திருக்கிறேன். தாளிப்புப் புகையில் கண்ணாடி மஞ்சளாகிவிட்டது. ஆனாலும் நிற்காமல் சரியான மணி காட்டுகிறது, அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

அவர் விளக்கம் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் அவர் விழுப்புரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தார். டயானா அங்கே கல்லாவில் இருந்தாள். மெயில் ஐடி வேண்டும் என்று வருகிறவர்களில் பாதிப் பேரிடம் போன் இருக்காது. இருக்கிறவர்களும் ஆஃபர் பார்த்துப் பார்த்து சிம்மை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அதனால் எல்லோருக்கும் கல்லாவில் இருக்கிற டயானாவின் நம்பரையே போட்டுவிடுவது அந்தக் கடையின் வழக்கம். இவரும் தன் ஐடிக்கு அதையே போட்டாராம். மாற்றவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தாராம். இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

“அப்ப கோடு கேக்கறப்பல்லாம்?”

“போன் பண்ணுவேன். ஆறு நம்பர் சொல்லும். வெச்சிடுவேன். அவ்ளோதான்.”

அவ்வளவுதானாம். ஆறு நம்பர் சொல்வதும் பேச்சுதானே. வாயைத் திறக்காமல் சொல்ல முடியுமா? எத்தனை தடவை வாசலில் நின்று, தெருவைப் பார்த்துக்கொண்டு, காதில் போனோடு ‘ம், ம்’ என்றிருப்பார்? அதில் எது பேனர் கேட்கிற பார்ட்டி, எது டயானா? எனக்கு வயிறு எரிந்தது. பொய்யெல்லாம் சொல்லவில்லை, நிஜமாகவே தொப்புளுக்கு மேலே எரிந்தது.

அவர் டயானாவைக் கூப்பிடப் போனை எடுத்தார். நான் போன் மேல் கையை வைத்தேன். அந்தப் பொம்பளை நம்பர் இல்லாமல் இந்தப் பெட்டி திறக்காதா என்று கேட்டேன். திறக்கும் என்றார். லோக்கல் அக்கவுண்ட் என்று ஒன்று இருக்கிறதாம். நெட் வேண்டாம், மெயில் வேண்டாம், போன் நம்பர் வேண்டாம். பெயரும் பாஸ்வேர்டும் இந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கும், வெளியே ஒருத்தருக்கும் தெரியாது, ஒருத்தரையும் கேட்க வேண்டாம். கேட்கவே எனக்குக் குளிர்ந்துபோனது. குடும்பம் என்றால் அப்படித்தானே இருக்க வேண்டும்?

ஆனால் பழைய டிசைன் எல்லாம் அந்த ஐடிக்குள் இருக்கிறது, இது வெறும் பெட்டியாகத்தான் திறக்கும் என்று எச்சரித்தார். கை இருக்கிறது, புதிதாகப் போடுங்கள் என்றேன். அதோடு விடவில்லை. மெழுகுவர்த்தி அணையாமல்தான் இருந்தது. இனிமேல் அந்த நம்பருக்குப் போன் பண்ண மாட்டேன் என்று மாதா மேல் சத்தியம் செய்யச் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் செய்தார்.

நெட் இல்லாமல் அந்த லேப்டாப் நகர மாட்டேன் என்று அடம் பிடித்தது. அவர் ஏதோ இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தினார், ஒரு கறுப்புக் கட்டம் வந்தது, அதில் ஒரு வரி அடித்தார். அணைந்து மறுபடி எரிந்தபோது, என்னிடம் நெட் இல்லை என்று சொல்லிக்கொள்ள ஒரு வழி விட்டிருந்தது. நான் என் போனில் நெட்டை அணைத்துவிட்டு, அணைந்ததா என்று திரும்பவும் பார்த்துக்கொண்டேன். யார் இதைப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று கேட்டது. அவர் கையை நகர்த்திவிட்டு, நான் ஒற்றை விரலால் ‘செல்வி’ என்று அடித்தேன். என் முழுப் பெயர் சகாயசெல்வி. சகாயம் செய்கிற மனநிலை அப்போது இல்லாததால் பாதியோடு நிறுத்திக்கொண்டேன். பாஸ்வேர்டும் நான்தான் வைத்தேன்.

பாஸ்வேர்ட் மறந்துபோனால் அடையாளம் கண்டுகொள்ள மூன்று கேள்விகள் கேட்டது. இரண்டுக்கு நானே பதில் போட்டேன். மூன்றாவது, சின்ன வயதில் உங்கள் செல்லப்பெயர் என்ன என்பது. எனக்கு அப்படி எதுவும் கிடையாது, நாங்கள் ஐந்து பெண்கள், எங்கள் வீட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே பெரிய விஷயம். உங்களுடையதைச் சொல்லுங்கள் என்றேன். “ராஜு” என்றார். “அம்மா கூப்புடும்.”

அவர் அம்மா எங்கள் கல்யாணத்துக்கு முந்தைய வருஷமே போய்விட்டார்கள். அந்தச் செல்லப்பெயர் கட்டிய பெண்டாட்டி எனக்குத் தெரியாது. டயானாவுக்குத் தெரிந்திருக்கிறது. அதை மேடையில் கத்திக் கூப்பிடுகிற அளவுக்குத் தெரிந்திருக்கிறது.

நான் அந்தக் கட்டத்தில் ‘மாங்கா’ என்று அடித்தேன். பெட்டி ஒத்துக்கொண்டது.

லேப்டாப் திறந்தது. நீலமாக ஒரு படம், மூலையில் ஒரு குப்பைத்தொட்டி, வேறு ஒன்றுமில்லை. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. அன்றைக்கு ராத்திரி வேர்க்கடலையை வறுத்து மல்லாட்டைச் சட்னி அரைத்து, அவருக்குப் பிடித்த மாதிரி முறுகலாகத் தோசை வார்த்துக் கொடுத்தேன்.

அடுத்த வார ஆரம்பத்தில் சவரிராயன் வந்தார். பெருமுக்கல் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் மாதா கோவில் திருவிழாக் கமிட்டியில் இருக்கிறவர். போன வருஷம் கொடியேற்றத்துக்கு என் வீட்டுக்காரர் போட்ட பேனர் ஊருக்கே பிடித்துப்போய், சிலர் அதைச் சின்னதாக அடித்து வீட்டில் பிரேம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அதே படம்தான் வேண்டுமாம். பெருமுக்கல் மலைக்கு முன்னால் மாதா, மேலே வளைவாக எழுத்து. தேதியை மட்டும் மாற்றினால் போதும், இந்த வருஷம் நோட்டீஸ், கொடி, வளைவு எல்லாமே உங்களுக்குத்தான், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் காட்டியாக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். இதுவரைக்கும் இவருக்கு வந்ததிலேயே பெரிய வேலை அது.

அந்த மலையை இவர் விடியற்காலையில் போய்த் தானே படம் எடுத்திருந்தார். அந்தப் படமும் டிசைனும் ராஜு ஐடிக்குள் இருந்தன. புதிதாகப் போட்டுப் பார்த்தார், வரவில்லை. நெட்டில் கிடைத்த மலை எல்லாம் வேறு மலையாக இருந்தது. பிரேமில் இருக்கிற சின்னப் படத்தைப் பெரிதாக்கினால் கலங்கிப்போகுமாம். சவரிராயனுக்குப் போன் பண்ணிப் பழைய பேனரையாவது கொண்டுவரச் சொன்னார். வந்தது. ஒரு வருஷமாக யாரோ அதை மல்லாட்டைக் குவியலுக்கு மேலே மூடி வைத்திருந்திருக்கிறார்கள். மாதா முகம் வெயிலில் வெளுத்து, நடுவில் கயிறு கட்டிய ஓட்டை. அதைத் தரையில் விரித்துப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டினால் நானும் பதிலுக்கு நாலு கேட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். இந்த ஒரு தடவை மட்டும் போன் பண்ணிக் கேளுங்கள் என்று நானே இறங்கி வந்தேன்.

“மாதா மேல சத்தியம் பண்ணிட்டு, மாதா படத்துக்காவவே அத மீறச் சொல்றியா?” என்றார்.

சத்தியம் செய்தது அவர்தானே, நான் இல்லையே. சனிக்கிழமை காலையில் விழுப்புரம் பஸ் ஏறினேன். ஒரு போனில் முடிகிற வேலைக்கு எதற்கு பஸ் ஏறினாய் என்று கேட்டால், அவளை நேரில் பார்க்க வேண்டும் என்பதுதான் பதில். ஈஸ்டருக்கு எடுத்த மயில்நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். கம்மலும் மாற்றினேன்.

டயானா இப்போது விழுப்புரம் ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில் சொந்தமாக ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக்கொடுப்பது, பில் கட்டிக்கொடுப்பது எல்லாம் அங்கே நடக்கிறது. கடையில் கூட்டம். கண்ணாடி போட்ட ஒருத்தி கொண்டையில் ஒரு கிளிப்பைக் குத்திக்கொண்டு, ரப்பர் செருப்போடு நின்று ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள். காதோரம் நரை. நரையைப் பார்த்ததும் மனசுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது, மறைக்க மாட்டேன். அப்புறம் முகத்தைப் பார்த்தேன், ஒரு கரும்புள்ளி இல்லை. வந்த சந்தோஷம் அப்படியே போனது.

என்னை அடையாளம் கண்டுகொண்டாள். “வாங்க, உக்காருங்க. ராஜு வரலையா?” என்றாள். உட்கார்ந்ததும் ராஜுதான். அந்தப் பெயர் எப்படித் தெரியும் என்று கேட்டே விட்டேன். அவர் அம்மா மத்தியானச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு கடைக்கே வருவார்களாம், வாசலிலேயே நின்று ‘ராஜு’ என்று கூப்பிடுவார்களாம். கேட்டுக் கேட்டுக் கடையில் எல்லோருமே அப்படித்தான் கூப்பிட்டார்களாம். அந்த அம்மா செத்தபோது தானும் வந்து கல்லறைவரைக்கும் நடந்ததாகவும் சொன்னாள். நான் பார்க்காத மாமியாரை இவள் பார்த்திருக்கிறாள். அதற்கும் வயிறு எரிந்தது.

வந்த விஷயத்தைச் சொன்னேன். எதற்காக நேரில் வந்தேன் என்று அவள் கேட்கவில்லை, என் கம்மலை மட்டும் ஒரு தடவை பார்த்தாள். டிராயரிலிருந்து ஒரு பட்டன் போனை எடுத்தாள், பின்பக்க மூடி விழாமல் ரப்பர் பேண்டு போட்டிருந்தது. அந்தப் பழைய சிம்முக்காகவே தனியாக வைத்திருக்கும் போன். நான் என் போனில் அவரைக் கூப்பிட்டு, ஐடியைப் போட்டுப் பாருங்கள் என்றேன். பட்டன் போன் ‘டிங்’ என்றது. அவள் அதை என் கையிலேயே கொடுத்து, நீங்களே சொல்லுங்கள் என்றாள். ஆறு நம்பரையும் படித்தேன்.

“வந்துடுச்சி. எல்லாம் இருக்குது,” என்றார் அவர். அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

டயானா சிரித்தாள். “வெச்சிட்டாரா? எங்கிட்டயும் அப்டித்தான்.”

அந்தச் சிம்மில் எத்தனை பேர் தொங்குகிறார்கள் என்று அவளுக்கே கணக்குத் தெரியாதாம். சிம்மை விட்டுவிட்டால் அத்தனை பேருக்கும் பேஜாரு என்று ரீசார்ஜ் செய்துகொண்டே வருகிறாளாம். கோட்டக்குப்பத்து சனாவுல்லா என்று ஒருத்தர் துபாயில் இருக்கிறார், லீவில் வந்தால் ஒரு டப்பா பேரீச்சம்பழம் கொடுத்துவிட்டுப் போவாராம். குயிலாப்பாளையத்தில் ஒரு பெண் கோடு கேட்கிறபோதெல்லாம் தன் குழந்தை என்னென்ன சேட்டை செய்கிறது என்று சொல்லுவாளாம். உங்கள் வீட்டுக்காரர்தான், என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

விடுவேனா? அவர்தான் என்ன, என்று கேட்டேன்.

அவள் ஜெராக்ஸ் தாள்களைத் தட்டி ஒழுங்கு செய்தாள். “ஒரு வாட்டிகூட எப்டி இருக்கேன்னு கேட்டதில்லீங்க. போன ஆவணில எங்க அம்மா செத்து ஊட்டுல கெடத்தியிருந்த அன்னிக்குப் போன் பண்ணாரு. பின்னாடி எல்லாரும் அழுதுக்கினு இருக்காங்க, அவருக்கும் கேட்டிருக்கும். நம்பர் சொன்னேன். தேங்க்ஸ்னு வெச்சிட்டாரு.”

குறையாகக்கூடச் சொல்லவில்லை, மின்சாரம் போய் வந்தது என்கிற மாதிரி சொன்னாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், “அக்கா” என்றேன். அக்கா என்று மட்டும் கூப்பிடவே கூடாது என்று பஸ்ஸில் முடிவு செய்துகொண்டு வந்திருந்தேன்.

கிளம்பும்போது, அந்த ஐடியில் தன் நம்பரை எடுத்துவிட்டு என் நம்பரைப் போடும்படி அவரிடம் சொல்லச் சொன்னாள். “இனிமே உங்க பாடு,” என்று சிரித்து, ஒரு தாளில் நாலு பேரீச்சம்பழம் மடித்துக் கொடுத்தாள். நான் அவருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். படமெல்லாம் இறங்கி முடிந்ததும் மாற்றுகிறேன் என்றார்.

திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது. நான் சந்தோஷமாகத்தானே இருக்க வேண்டும்? மலை வந்துவிட்டது, மாதா வந்துவிட்டாள், திருவிழா வேலை கைக்கு வந்துவிட்டது. டயானாவுக்கும் அவருக்கும் நடுவில் ஒன்றுமே இருந்ததில்லை. ஆனால் அந்த ஒன்றுமே இல்லாததுதான் என்னை அறுத்தது. கூட வேலை செய்தவள், இவர் அம்மாவைப் புதைக்கும்போது கூட நடந்தவள், இவருக்காக ஒரு சிம்மைச் சாகவிடாமல் வைத்திருந்தவள், அவள் வீட்டு அழுகைச் சத்தத்தில் ஆறு நம்பரை மட்டும் பொறுக்கிக்கொண்டு போனை வைத்த மனுஷன் இவர். நான் இவ்வளவு நாள் இந்த மனுஷனை யாரும் கொத்திக்கொண்டு போய்விடக் கூடாது என்று காவல் காத்திருக்கிறேன்.

விக்கிரவாண்டி டோல்கேட் வரிசையில் பஸ் நின்றபோது, நம்பர் மாற்றுவதற்கான கோடு என் போனில் வந்து விழுந்தது. பின்னாலேயே அவர் கூப்பிட்டார்.

“செல்வி, கோடு வந்திருக்கும் பாரு. ஜல்தி சொல்லு, டைம் முடிஞ்சிடும்.”

ஆசைப்பட்ட நம்பர் என் கையில்தான் இருந்தது. நான் படிக்கவில்லை.

“பஸ்ல எனக்கு எடம் கெடச்சிதான்னு கேளுங்க,” என்றேன்.

“என்னா?”

“கேளுங்க, சொல்றேன்.”

“கெடச்சிதா?” என்றார்.

“கெடச்சிது. டயானா அக்காவோட அம்மா செத்துட்டாங்க, தெரியுமா உங்களுக்கு?”

தெரியாது என்றார். எப்போது என்று கேட்டார். போன ஆவணியில் அவர் கோடு கேட்ட அன்றைக்குத்தான் என்றேன். அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அழுகிறாரா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது, கேட்கவில்லை.

“அந்த அக்காவுக்குப் போன் பண்ணி விசாரிங்க. சத்தியத்த நான் சாமியார்கிட்ட சொல்லிப் பாத்துக்கறேன். பேசிட்டு வாங்க, அப்பறம் கோடு தர்றேன்.”

சரி என்று வைத்தார். நான் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டேன். மனசு நிறைந்திருந்தது. என்னை மாதிரி ஒரு பெண்டாட்டி யாருக்குக் கிடைப்பாள் என்றுகூட நினைத்தேன். டோல்கேட்டைத் தாண்டி பஸ் வேகமெடுத்தது. பேசி முடித்திருப்பார், கோடு காலாவதி ஆகியிருக்கும், புதுசு அனுப்பச் சொல்லலாம் என்று கூப்பிட்டேன். வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்றது. சரி, சாவு விஷயம், உடனே வைத்துவிட முடியாது. இன்னொரு பழம் சாப்பிட்டுவிட்டுக் கூப்பிட்டேன். அதையே சொன்னது.

நாலு பழமும் தீர்ந்துபோனது. கண்டக்டர் கூட்டேரிப்பட்டு இறங்குகிறவர்களை எழுப்பிக்கொண்டிருந்தார். வேறொரு அழைப்பில்தான் இருக்கிறார். அப்படி என்னதான் பேசுகிறார்கள்? ஒரு சாவு விசாரிக்க இவ்வளவு நேரமா ஆகும்?